நானோ ஆய்வுக்குக் காப்புரிமை: சென்னையில் முதல்முறை விண்ணப்பிப்பவருக்கு ஒரு வழிகாட்டி

ஒரு பொருளைச் சிறிதாக்கிவிட்டேன் என்பதற்காக மட்டும் இந்தியாவில் காப்புரிமை கிடைத்துவிடாது. சிறிதானதால் அதன் குணத்தில் என்ன மாறியது, எவ்வளவு மாறியது, அந்த மாற்றத்தை அந்தத் துறை தெரிந்த இன்னொருவர் ஏன் முன்கூட்டியே ஊகித்திருக்க முடியாது? இந்த மூன்றுக்கும் எண்களோடு பதில் வைத்திருக்க வேண்டும். துறைக்குப் புதியவர்கள் பலருக்கு இது தெரியவருவது, காப்புரிமை அலுவலகத்தின் ஆட்சேபக் கடிதம் கைக்கு வந்த பிறகுதான். முதல் சோதனையைத் திட்டமிடும் நாளிலேயே தெரிந்திருந்தால், தேவையான தரவை அப்போதே எடுத்து வைத்திருக்கலாம்.

சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் கல்லூரி ஆய்வகத்தில் நானோ பொருள் (மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கான நானோமீட்டரில் அளக்கும் நுண்துகள்கள் கொண்டது) செய்துகொண்டிருக்கும் மாணவர்களையும், சொந்தமாகப் பூச்சு, வடிகட்டி, உணரி போன்றவற்றைச் செய்து விற்க நினைக்கும் சிறு தொழில்முனைவோரையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். விளக்கத்துக்கு ஒரு கற்பனை உதாரணத்தை வைத்துக்கொள்வோம். கடற்காற்றில் பெசன்ட் நகர் வீடுகளின் ஜன்னல் கம்பியும் காசிமேட்டுப் படகுகளின் இரும்புப் பாகங்களும் சீக்கிரம் துருப்பிடிக்கின்றன. நீங்கள் துத்தநாக ஆக்சைடு நானோ துகளை எபாக்சி என்ற பிசினில் கலந்து, துருவைத் தள்ளிப்போடும் பூச்சு ஒன்றைச் செய்திருக்கிறீர்கள். இதற்குக் காப்புரிமை வேண்டும்.

முதலில்: விண்ணப்பிக்கும் வரை வெளியே சொல்லாதீர்கள்

காப்புரிமைக்கு அடிப்படை புதுமை. விண்ணப்பத் தேதிக்கு முன் உலகில் எங்காவது அது வெளிவந்திருந்தால் புதுமை போய்விடும். வெளியிட்டவர் நீங்களே என்றாலும் போய்விடும். கருத்தரங்கில் ஒட்டிய சுவரொட்டி, ஆய்விதழில் வந்த கட்டுரை, முன்பதிப்புத் தளத்தில் ஏற்றிய கோப்பு, லிங்க்ட்இன்னில் பெருமையோடு போட்ட நுண்ணோக்கிப் படம் எல்லாமே வெளியீடுதான். பிஎச்.டி. மாணவர்கள் இன்னும் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பொது வாய்மொழித் தேர்வு பெயருக்கேற்ப எல்லோருக்கும் திறந்தது. ஆய்வேடு சோத்கங்கா என்ற இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் ஏறினால் யாரும் படிக்கலாம். இரண்டுக்கும் முன்பே விண்ணப்ப எண் கையில் இருக்க வேண்டும்.

காப்புரிமைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு 12 மாத விலக்கு ஒன்றைத் தருகிறது. ஆனால் அது குறுகியது. அரசு அறிவித்த கண்காட்சி, அறிஞர் சங்கத்தின் முன் படித்த கட்டுரை, அந்தச் சங்கத்தின் நடவடிக்கை ஏட்டில் வந்த கட்டுரை என்று வரையறுத்த சில சந்தர்ப்பங்களுக்கு மட்டுமே அது பொருந்தும். சாதாரண ஆய்விதழ்க் கட்டுரையை அதற்குள் அடக்கிவிடலாம் என்று நம்பி இறங்காதீர்கள். அமெரிக்காவில் கண்டுபிடிப்பாளரின் சொந்த வெளியீட்டுக்கு ஓராண்டு அவகாசம் உண்டு. ஐரோப்பாவில் அப்படிப் பொதுவான அவகாசம் கிடையாது. எந்த நாட்டில் விற்பீர்கள் என்பது இன்றைக்குத் தெரியாது. அதனால் முதலில் விண்ணப்பம், அப்புறம் கட்டுரை. இரண்டுக்கும் நடுவே ஒருநாள் இடைவெளி இருந்தாலும் போதும். கட்டுரையைக் கைவிடச் சொல்லவில்லை, வரிசையை மாற்றச் சொல்கிறேன்.

வெளியாரிடம் மாதிரி கொடுத்துச் சோதிக்க வேண்டியிருந்தால் ரகசியக் காப்பு ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நுண்ணோக்கி வசதிக்காக வேறு கல்லூரிக்கு மாதிரி அனுப்பும்போதும் இதுவே நல்லது.

ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று தேடுங்கள்

இந்தியக் காப்புரிமைகளுக்கு இன்பாஸ் என்ற அரசுத் தேடுதளம் இருக்கிறது. உலக அளவில் எஸ்பாஸ்நெட், பேட்டன்ட்ஸ்கோப், கூகுள் பேட்டன்ட்ஸ் இருக்கின்றன. எல்லாம் இலவசம். நானோ துறையில் தேடுவதற்கென்று சில நுணுக்கங்கள் உண்டு.

‘நானோ’ என்று மட்டும் தட்டித் தேடினால் பாதிதான் கிடைக்கும். இந்தச் சொல் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே வேதியியலாளர்கள் நானோ அளவுத் துகள்களைச் செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் கொலாய்டு, சால், அல்ட்ராஃபைன், சப்மைக்ரான் என்றெல்லாம் எழுதினார்கள். அலகும் வேறாக இருக்கும். 0.05 மைக்ரான் என்று எழுதியிருப்பது 50 நானோமீட்டர். 200 ஆங்ஸ்ட்ராம் என்றால் 20 நானோமீட்டர். 1970களின் பெயின்ட் காப்புரிமை ஒன்றில் இப்படி ஒரு வரி இருந்தால், ஆட்சேபம் எழுதும் காப்புரிமை அலுவலக ஆய்வாளருக்கு அது போதும்.

காப்புரிமைகளைத் துறைவாரியாகப் பிரிக்கும் வகைப்பாட்டுக் குறியீட்டை வைத்தும் தேடுங்கள். நானோ தொழில்நுட்பத்துக்கு உலக அளவில் பி82ஒய் (B82Y) என்ற தனிக் குறியீடு 2011 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் 5/00 நானோ மருத்துவம், 15/00 உணரிகள், 30/00 நானோ பொருள்கள், 40/00 அவற்றின் தயாரிப்பு. ஆனால் அது கூடுதலாக ஒட்டும் குறியீடுதான். பொருளின் சொந்த வீடு வேறு இடத்தில் இருக்கும். நம் உதாரணத்துக்கு அது சி09டி (C09D) 5/08, அதாவது துரு எதிர்ப்புப் பூச்சுகள். இரண்டையும் சேர்த்துத் தேடினால் நேராக உங்கள் போட்டியாளர்களிடம் போய் நிற்பீர்கள்.

இன்னொரு சிக்கல், தெரியாமலே இருந்த நானோ. 17-ஆம் நூற்றாண்டு டமாஸ்கஸ் வாள் ஒன்றில் கார்பன் நானோ குழாய்கள் இருப்பதை ஜெர்மனியின் டிரெஸ்டன் ஆய்வாளர்கள் 2006-இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். அத்தகைய வாள்களுக்கு எஃகு போனது நம் தென்னிந்தியாவின் உருக்கு உலைகளிலிருந்து. அந்த உலைக்காரர்களுக்கு நானோ குழாய் என்று ஒன்று இருப்பது தெரியாது, ஆனால் பொருளில் அது இருந்தது. காப்புரிமை வழக்கிலும் இந்த வாதம் வரும்: ‘பழைய முறையில் செய்தாலே தவிர்க்க முடியாமல் இந்தத் துகள் வந்துவிடும், அதனால் இது புதிதல்ல’. அப்படியொரு பழைய முறை இருந்தால், அதை நீங்களே செய்து பார்த்து, அதில் வரும் துகளை அளந்து, உங்களுடையது எங்கே வேறுபடுகிறது என்று பதிவு செய்து வையுங்கள். இந்த ஒரு சோதனையைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. பின்னால் அதிகம் கைகொடுப்பது இதுதான்.

3(டி): நானோக்காரர்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய பிரிவு

இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1970-இன் 3-ஆம் பிரிவு, எவையெல்லாம் கண்டுபிடிப்பு ஆகாது என்று பட்டியலிடுகிறது. அதில் 3(டி), தெரிந்த பொருளின் புதிய வடிவத்தைக் கண்டறிவது மட்டும் கண்டுபிடிப்பு ஆகாது, அந்தப் பொருளின் தெரிந்த செயல்திறனை அது மேம்படுத்தியிருக்க வேண்டும் என்கிறது. அதற்கான விளக்கக் குறிப்பில் உப்புகள், எஸ்டர்கள், படிக வடிவங்கள் ஆகியவற்றோடு ‘துகள் அளவு’ என்பதும் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது. செயல்திறன் தொடர்பான குணங்களில் கணிசமாக வேறுபட்டால் ஒழிய, வேறு துகள் அளவில் இருப்பதும் அதே பொருளாகவே கருதப்படும். நானோ துறையை நேராகத் தொடும் வரி இது.

இந்தப் பிரிவின் மிகப் பெரிய வழக்கு சென்னையில் தொடங்கியது. நோவார்ட்டிஸ் நிறுவனம் க்ளிவெக் என்ற ரத்தப் புற்றுநோய் மருந்தின் படிக வடிவம் ஒன்றுக்கு 1998-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. 2006 ஜனவரியில் அலுவலகம் அதை நிராகரித்தது. 3(டி) பிரிவே செல்லாது என்று நிறுவனம் தொடுத்த வழக்கை 2007-இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கடைசியில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமை தர மறுத்தது. மருந்து என்றால் செயல்திறன் என்பது நோயைக் குணப்படுத்தும் திறன்தான், எளிதில் கரைகிறது, கெடாமல் இருக்கிறது என்பது மட்டும் போதாது என்று தீர்ப்பு சொன்னது. நானோ மருந்து செய்பவர்கள் இதை இருமுறை படிக்க வேண்டும். ‘துகளைச் சிறிதாக்கினேன், நீரில் நன்றாகக் கரைகிறது’ என்பதோடு நின்றால், க்ளிவெக் நின்ற இடத்தில்தான் நீங்களும் நிற்பீர்கள்.

மருந்தல்லாத பொருளுக்கு, அது எந்த வேலைக்கோ அந்த வேலையில் திறன் கூடியதைக் காட்ட வேண்டும். நம் பூச்சுக்கு அது துரு தடுப்பு. அதே எபாக்சி, அதே எடை விகிதம், ஒன்றில் சாதாரண மைக்ரான் அளவு துத்தநாக ஆக்சைடு, மற்றதில் உங்கள் நானோ துகள், மூன்றாவதில் துகளே இல்லாத வெறும் எபாக்சி. மூன்றையும் ஒரே வகைத் தகட்டில், ஒரே தடிமனில் பூசி, உப்புத் தெளிப்புச் சோதனையில் வையுங்கள். ஏ.எஸ்.டி.எம். பி117 என்ற தர முறையில் 5 சதவீத உப்புக் கரைசலை 35 டிகிரி செல்சியஸில் தெளிப்பார்கள். எத்தனை மணி நேரத்தில் எது துருப்பிடித்தது என்பதே உங்கள் 3(டி) பதில். இந்த ஒப்பீடு விவரக்குறிப்பிலேயே, அதாவது கண்டுபிடிப்பை விளக்கி விண்ணப்பத்தோடு தரும் ஆவணத்திலேயே, இருந்தால் நல்லது. ஆட்சேபம் வந்த பிறகு அவசரமாக ஆய்வகத்துக்கு ஓடினால், சோதனை செய்த மாணவர் படிப்பு முடித்துப் போயிருப்பார், துகளும் மிச்சம் இருக்காது.

3(இ) என்ற பிரிவும் அடிக்கடி வரும். இரண்டு பொருளைக் கலந்து, இரண்டின் குணமும் வெறுமனே கூடிக் கிடைத்தால் அது கண்டுபிடிப்பு ஆகாது. தனித்தனியாகத் தருவதைவிடக் கலவை அதிகம் தருகிறது என்று காட்ட வேண்டும். மேலே சொன்ன ஒப்பீட்டுப் பட்டியலில் துகளை மட்டும் தனியே சோதித்த வரிசை ஒன்றையும் சேர்த்தால் இதற்கும் பதில் ஆகிவிடும். மற்றபடி, மனிதருக்கோ விலங்குக்கோ சிகிச்சை தரும் முறை, வேளாண் முறை, உயிருக்கும் சூழலுக்கும் கடும் தீங்கு விளைவிப்பது ஆகியவற்றுக்கும் உரிமை கிடையாது. நானோ துகள் கொண்டு சிகிச்சை தரும் முறைக்குக் கேட்காமல், அந்த மருந்துக் கலவைக்குக் கேளுங்கள்.

அளவை எப்படி அளந்தீர்கள்?

‘சராசரி அளவு 20 நானோமீட்டர்’ என்று எழுதினால் போதும் என்று தோன்றும். போதாது. ஒரே மாதிரியை, ஒளிச் சிதறலை வைத்து அளக்கும் டி.எல்.எஸ். கருவியில் வைத்தால், துகளோடு சேர்ந்து நகரும் மேற்படலமும் சேர்ந்த விட்டம் வரும். டெம் என்ற எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் உள்ளே இருக்கும் கரு மட்டும் தெரியும். எக்ஸ்ரே விளிம்பு விளைவில் ஷெரர் சமன்பாட்டைப் போட்டால் வருவது படிகத்தின் அளவு. பல படிகங்கள் சேர்ந்து ஒரு துகள் ஆகியிருந்தால் இந்த மூன்று எண்ணும் வெகுவாக விலகி நிற்கும். சராசரியிலும் எண்ணிக்கைப்படி ஒன்று, ஒளிச்செறிவுப்படி ஒன்று என்று வகைகள் உண்டு. எந்தக் கருவி, எந்தக் கரைப்பான், எந்த வகைச் சராசரி, எத்தனை துகளை எண்ணினீர்கள் என்பதை எழுதாவிட்டால் உங்கள் உரிமையின் எல்லை தெளிவில்லை என்று ஆட்சேபம் வரும். அதைத் தாண்டிக் காப்புரிமை கிடைத்தாலும், போட்டியாளர் வேறு கருவியில் அளந்து ‘என்னுடையது 35, உங்கள் எல்லைக்குள் வராது’ என்று நழுவிவிடுவார்.

செய்முறையையும் இதே கவனத்தோடு எழுத வேண்டும். எதை எதில் ஊற்றினீர்கள், எந்த வேகத்தில் சொட்டுச் சொட்டாக விட்டீர்கள், பி.எச்., வெப்பநிலை, கலக்கும் வேகம், எத்தனை முறை கழுவினீர்கள், துகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மேலே என்ன பூசினீர்கள் என்று எல்லாம் வேண்டும். உங்களுக்குத் தெரிந்த சிறந்த முறையை மறைக்காமல் எழுத வேண்டும் என்று 10-ஆம் பிரிவு கட்டாயப்படுத்துகிறது. மறைத்தால் பிற்பாடு காப்புரிமையையே ரத்து செய்யக் காரணமாகும். மறைத்தே ஆக வேண்டிய செய்முறை என்றால் காப்புரிமை கேட்காமல் தொழில் ரகசியமாக வைத்துக்கொள்வதைப் பற்றி யோசியுங்கள். பொருளை வாங்கி நுண்ணோக்கியில் பார்ப்பவருக்குக் கலவை தெரியலாம், ஊற்றிய வரிசை தெரியாது. ஆனால் இந்தியாவில் தொழில் ரகசியத்துக்கெனத் தனிச் சட்டம் இல்லை. ஒப்பந்தங்கள்தான் பாதுகாப்பு.

கருவி கண்டுபிடிப்பவர்களுக்கு நிலைமை கொஞ்சம் வேறு. நானோ உலகத்தைக் கண்ணுக்குக் காட்டிய ஸ்கேனிங் டனலிங் நுண்ணோக்கிக்கு பின்னிக்கும் ரோரரும் சேர்ந்த ஐ.பி.எம். குழு 1979-இலேயே விண்ணப்பித்துவிட்டது. கருவி ஒழுங்காக ஓடத் தொடங்கியது 1981-இல். 1986-இல் இருவருக்கும் நோபல் பரிசு. இயங்கும் விதத்தைத் தெளிவாக விளக்க முடிந்தால் கருவிக்கு இப்படி முந்திக்கொள்ளலாம். பொருளுக்கு முடியாது, செய்து அளந்த தரவு வேண்டும்.

இலைச்சாறும் சித்த மருந்தும்

தமிழ்நாட்டு ஆய்வகங்களில் வேப்பிலை, துளசி, நிலவேம்பு போன்றவற்றின் சாற்றில் வெள்ளித் துகள் தயாரிப்பது வழக்கமான ஆய்வு. இதில் இரண்டு கண்ணிகள் உள்ளன.

முதலாவது, பல்லுயிர்ச் சட்டம் 2002. இந்தியாவில் கிடைக்கும் உயிர் வளத்தை அடிப்படையாகக் கொண்ட கண்டுபிடிப்புக்கு உரிமை கேட்டால் தேசியப் பல்லுயிர் ஆணையத்தைக் கடந்துதான் போக வேண்டும். 2023-இல் வந்த திருத்தம் 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி இந்தியர்கள், காப்புரிமை வழங்கப்படுவதற்கு முன் ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும், பொருளை விற்பனைக்குக் கொண்டுவரும்போது ஒப்புதல் வாங்க வேண்டும். சென்னைக்காரர்களுக்கு ஒரு வசதி, அந்த ஆணையத்தின் தலைமையகம் தரமணி டைசல் பயோ பார்க்கில்தான் இருக்கிறது. இலையை எங்கிருந்து, எப்போது எடுத்தீர்கள் என்ற குறிப்பை ஆய்வகக் குறிப்பேட்டில் எழுதும் பழக்கத்தை முதல் நாளே தொடங்குங்கள். விண்ணப்பப் படிவத்திலேயே உயிர் வளம் பற்றிய உறுதிமொழி இருக்கிறது.

இரண்டாவது, 3(p) என்ற பிரிவு. 3(பி) என்று தமிழில் எழுதினால் b, p என்ற இரண்டு பிரிவுகள் ஒன்றாகிவிடும், அதனால் விளக்கமாகவே சொல்கிறேன்: பாரம்பரிய அறிவைத் திரும்பச் சொல்வதும், பாரம்பரியமாகத் தெரிந்த பொருளின் குணங்களைத் தொகுப்பதும் கண்டுபிடிப்பு ஆகாது. பற்பமும் செந்தூரமும் உலோகங்களைப் புடம் போட்டு நுண்துகளாக்கியவை என்பது நாம் அறிந்ததே. ஒரு செந்தூரத்தை நுண்ணோக்கியில் பார்த்து ‘இதில் நானோ துகள் இருக்கிறது’ என்று காட்டுவது நல்ல ஆய்வு, ஆனால் காப்புரிமைக்கு உரியது அல்ல. சித்த நூல்களின் மருந்துகள் மத்திய அரசின் பாரம்பரிய அறிவு மின்னூலகத்தில் ஏற்றப்பட்டிருக்கின்றன. காப்புரிமை அலுவலக ஆய்வாளர் அதில் தேடிப் பார்ப்பார். இலைச்சாற்று வழியிலும் ‘இன்னொரு இலை, அதே வெள்ளி’ என்றால் தேறுவது கடினம். அந்த இலையால் மட்டும் கிடைத்த துகளின் வடிவமோ நிலைத்தன்மையோ மற்ற வழிகளில் கிடைக்காதது என்று காட்ட முடிந்தால் மட்டும் இறங்குங்கள்.

யார் பெயரில்?

கண்டுபிடிப்பாளர் என்றால் கருத்துக்குப் பங்களித்தவர். கருவியை இயக்கிக் கொடுத்தவரோ, துறைத் தலைவர் என்பதால் மட்டும் ஒருவரோ அல்ல. அதேபோல, யோசனையைத் தந்த மாணவரின் பெயரை விட்டுவிடவும் கூடாது. இதைப் பேசுவதற்கு மாணவர்கள் தயங்குகிறார்கள். வழிகாட்டியிடம் மரியாதையோடு, எழுத்தில், விண்ணப்பத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். உரிமை யாருக்கு என்பது வேறு கேள்வி. கல்லூரி நிதியிலும் கருவியிலும் செய்திருந்தால் பெரும்பாலும் கல்லூரியின் கொள்கைப்படி உரிமை நிறுவனத்துக்குப் போகும், வருமானத்தில் உங்களுக்குப் பங்கு இருக்கும். அந்தக் கொள்கை ஆவணத்தை வாங்கிப் படியுங்கள். ஐ.ஐ.டி. மெட்ராஸிலும் அண்ணா பல்கலைக்கழகத்திலும் இதற்கெனத் தனிப் பிரிவுகள் உண்டு. அப்படிப் பிரிவு இல்லாத கல்லூரியினர், தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் காப்புரிமைத் தகவல் மையத்தை அணுகலாம். தொழில்நுட்பக் கல்வி இயக்கக வளாகத்தில் இருக்கிறது.

இதெல்லாம் சரியாக நடந்தால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸ் பேராசிரியர் டி. பிரதீப்பின் குழு, வெள்ளி போன்ற உலோகங்களின் நானோ துகள்கள் தண்ணீரிலிருக்கும் பூச்சிக்கொல்லி எச்சத்தைச் சிதைப்பதைக் கண்டறிந்து, காப்புரிமை எடுத்து, அது வீட்டு நீர்ச் சுத்திகரிப்பான் வரை போனது. அவருக்கு 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

உரிமைகோரல் எழுதுவது

விவரக்குறிப்பின் கடைசியில் வரும் உரிமைகோரல்கள், அதாவது கிளெய்ம்கள்தான் சட்டப்படி உங்களுடையது எது என்று சொல்பவை. நிலப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவதைப் போலத்தான். எல்லையை அகலமாகப் போட்டால் பக்கத்து நிலத்துக்காரர் வருவார், குறுக்கிப் போட்டால் உங்கள் நிலம் போகும்.

நம் உதாரணத்தில் முதல் கிளெய்ம் கலவைக்கு இருக்கட்டும்: எபாக்சி, இத்தனை எடை சதவீதம் துத்தநாக ஆக்சைடு, டெம் வழி எண்ணிக்கைச் சராசரி விட்டம் இவ்வளவு முதல் இவ்வளவு வரை, மேற்பரப்பில் இந்தப் பொருள் பிணைந்திருப்பது. அதன் கீழ்ச் சார்புக் கிளெய்ம்களில் எல்லையைப் படிப்படியாகக் குறுக்குங்கள். மேலே உள்ளது விழுந்தாலும் கீழே உள்ளது நிற்கும். பிறகு செய்முறைக்கு ஒன்று. ‘இன்ன பொருளைப் பயன்படுத்துதல்’ என்ற வகைக் கிளெய்ம் இந்தியாவில் ஏற்கப்படாது. அளவு எல்லையை 1 முதல் 100 நானோமீட்டர் என்று மொத்தமாகப் போடும் ஆசை வரும். நீங்கள் செய்து பார்த்தது 18, 25, 40 மட்டும் என்றால், மீதிக்கு ஆதாரம் எங்கே என்று கேட்பார்கள்.

விண்ணப்பம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும். தமிழில் ஏற்கும் விதி இன்னும் வரவில்லை, வர வேண்டும். கிளெய்ம் எழுத மட்டுமாவது பதிவு பெற்ற காப்புரிமை முகவரை அமர்த்திக்கொள்ளச் சொல்வேன். அவர் வேதியியலோ பொருளறிவியலோ படித்தவரா என்று கேளுங்கள்.

தாக்கல்: கிண்டியும் கட்டணமும்

சென்னைக் காப்புரிமை அலுவலகம் கிண்டி ஜி.எஸ்.டி. சாலையில், அறிவுசார் சொத்துரிமைக் கட்டடத்தில் இருக்கிறது. தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, லட்சத்தீவு எல்லாம் இதன் எல்லைக்குள். நேரில் போகத் தேவையில்லை, டிஜிட்டல் கையொப்பம் இருந்தால் இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். காகிதத்தில் கொடுத்தால் கட்டணம் 10 சதவீதம் கூடும். விண்ணப்ப எண்ணில் ஆண்டுக்கு அடுத்த இலக்கம் 4 என்றிருந்தால் அது சென்னை.

தரவு முழுமையாக இல்லையென்றால் முதலில் தற்காலிக விவரக்குறிப்பைத் தாக்கல் செய்து தேதியைப் பிடித்துக்கொள்ளலாம். 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு கொடுக்க வேண்டும், தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். தற்காலிகம் என்பதால் ஒரு பக்கத்தில் முடித்துவிடாதீர்கள். அதில் எழுதாத விஷயத்துக்கு அந்தத் தேதி கிடைக்காது.

படிவம் 1 விண்ணப்பம், 2 விவரக்குறிப்பு, 3 வெளிநாட்டு விண்ணப்ப விவரம், 5 கண்டுபிடிப்பாளர் உறுதிமொழி. முகவர் இருந்தால் 26. சிறு நிறுவனம், ஸ்டார்ட்அப், கல்வி நிறுவனம் என்ற சலுகை வேண்டுமானால் 28. சலுகைப் பிரிவினருக்கும் தனிநபருக்கும் இணையவழித் தாக்கல் கட்டணம் 1,600 ரூபாய், மற்றவர்களுக்கு 8,000. 30 பக்கத்தையோ 10 கிளெய்மையோ தாண்டினால் கூடுதல் கட்டணம்.

விண்ணப்பத்தை அலுவலகம் ஆய்வு செய்வது தானாக நடக்காது. படிவம் 18-இல் தனியாகக் கேட்க வேண்டும். சலுகைப் பிரிவினருக்கு 4,000, மற்றவர்களுக்கு 20,000. 2024 மார்ச் 15-க்குப் பிறகு தாக்கலானவற்றுக்கு இதற்கான கெடு 31 மாதம். முன்பு 48 மாதமாக இருந்தது. ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம், அரசு நிறுவனம், பெண் விண்ணப்பதாரர் ஆகியோர் படிவம் 18ஏ வழியாக விரைவு ஆய்வு கேட்கலாம். சலுகைக் கட்டணம் 8,000. முகவர் ஊதியம் இவை எல்லாவற்றுக்கும் வெளியே. ஸ்டார்ட்அப்களுக்கு மத்திய அரசின் திட்டத்தில் அந்த ஊதியத்தை அரசே ஏற்கும். உத்யம் என்ற மத்திய அரசின் சிறு தொழில் பதிவு பெற்றவர்கள், இந்தியக் காப்புரிமை கிடைத்த பிறகு 1 லட்சம் ரூபாய் வரை திரும்பப் பெறும் திட்டமும் இருக்கிறது.

வெளிநாடு போக நினைப்பவர்கள் 39-ஆம் பிரிவை மறக்கக்கூடாது. இந்தியாவில் வசிப்பவர் இங்கே விண்ணப்பித்து ஆறு வாரம் கழிந்த பிறகே, அல்லது படிவம் 25-இல் அனுமதி வாங்கியே வெளிநாட்டில் விண்ணப்பிக்கலாம். மீறினால் இந்திய விண்ணப்பம் போவதோடு சிறைத் தண்டனை வரை சட்டத்தில் இடமுண்டு. வெளிநாட்டுக் கூட்டாளியோடு ஆய்வு செய்யும் குழுக்கள் இதில்தான் கவனம் தவறுகின்றன. பல நாடுகளுக்கு ஒரே விண்ணப்பத்தில் தொடங்கும் பி.சி.டி. என்ற பன்னாட்டு வழியில் போக, முதல் விண்ணப்பத் தேதியிலிருந்து 12 மாதம் அவகாசம்.

வெளியீடு வேறு, வழங்கல் வேறு

தாக்கல் செய்து 18 மாதத்தில் விண்ணப்பம் காப்புரிமை அலுவலகத்தின் இதழில் வெளியாகும். சலுகைப் பிரிவினரும் தனிநபரும் 2,500 ரூபாய் கட்டினால் முன்கூட்டியே வெளியாகும். இது காப்புரிமை கிடைத்ததற்கு அடையாளம் இல்லை, யாரும் இன்னும் ஆய்வு செய்யவே இல்லை. கல்லூரி மதிப்பெண்ணுக்காக ‘பேட்டன்ட் வாங்கித் தருகிறோம்’ என்று வாட்ஸ்அப்பில் வலம்வரும் தரகர்கள் விற்பது பெரும்பாலும் இந்த வெளியீட்டையோ, வெளிநாட்டு வடிவமைப்புப் பதிவையோதான். பல பேர் பணம் போட்டுப் பெயர் சேர்த்துக்கொள்ளும் விண்ணப்பங்களில் தயவுசெய்து சேராதீர்கள். கண்டுபிடிக்காத ஒன்றைக் கண்டுபிடித்தேன் என்று சட்ட ஆவணத்தில் கையெழுத்துப் போடுகிறீர்கள். உங்களுடைய நிஜமான வேலையும் அப்படி ஒன்றில் போய்ப் புதைந்தால், முதல் வெளியீடே பின்னால் உங்களுக்கு எதிரான ஆதாரமாகும்.

ஆட்சேபக் கடிதம் வந்தால் பதில் தர 6 மாதம், கேட்டால் இன்னும் 3 மாதம். கடிதத்தில் 3(டி) இருந்தால் பயப்படாதீர்கள், நானோ விண்ணப்பத்தில் அதை எதிர்பார்த்தே இருக்க வேண்டும். ஒப்பீட்டுத் தரவைப் பக்க எண்ணோடு சுட்டிப் பதில் எழுதுங்கள். விசாரணைக்கு அழைத்தால் காணொளியில் பேசலாம், அப்புறம் 15 நாளுக்குள் எழுத்துப்பூர்வ வாதம். வழங்கும் முன் யார் வேண்டுமானாலும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். நிராகரித்தால் மூன்று மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு. முன்பு இதற்கென்று சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மேல்முறையீட்டு வாரியம் இருந்தது, 2021-இல் கலைக்கப்பட்டது. இப்போது சென்னை உயர் நீதிமன்றத்தில் அறிவுசார் சொத்துரிமைக்கெனத் தனிப் பிரிவு இயங்குகிறது.

உங்களுக்குக் காப்புரிமை இருப்பதால் நீங்கள் விற்கலாம் என்று அர்த்தமில்லை. உங்கள் பூச்சுக்குள் இருக்கும் துகளைச் செய்யும் முறை இன்னொருவருடையதாக இருக்கலாம். விற்கும் நாட்டில் அது உயிரோடு இருக்கிறதா என்று தனியாகத் தேட வேண்டும். 1990களில் விண்ணப்பித்த நானோ குழாய்க் காப்புரிமைகள் 20 ஆண்டு முடிந்து பொதுவாகிவிட்டன, அவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆய்வுக்கும் கற்பித்தலுக்கும் மட்டும் என்றால் உயிரோடு இருக்கும் காப்புரிமையையும் பயன்படுத்த 47-ஆம் பிரிவு இடம் தருகிறது.

வழங்கப்பட்ட பிறகு, விண்ணப்பத் தேதியிலிருந்து எண்ணி மூன்றாம் ஆண்டு முதல் புதுப்பிப்புக் கட்டணம் உண்டு. சலுகைப் பிரிவினருக்கு 3 முதல் 6-ஆம் ஆண்டு வரை ஆண்டுக்கு 800 ரூபாய், 7 முதல் 10 வரை 2,400, அதற்கு மேல் 4,800, கடைசி ஐந்து ஆண்டுக்கு 8,000. நான்கு ஆண்டுக்குக் குறையாமல் முன்கூட்டியே இணையத்தில் கட்டினால் 10 சதவீதம் தள்ளுபடி. கண்டுபிடிப்பு நடைமுறையில் பயன்படுகிறதா என்ற அறிக்கையைப் படிவம் 27-இல், மூன்று நிதியாண்டுக்கு ஒருமுறை தர வேண்டும். கல்லூரி மின்னஞ்சல் முகவரியை மட்டும் தொடர்புக்குக் கொடுத்திருந்தால், படிப்பு முடிந்து வெளியேறும் முன் அலுவலகப் பதிவில் அதை மாற்றிக்கொள்ளுங்கள். கெடு பற்றிய கடிதங்கள் எல்லாம் அங்கேதான் வரும்.